சரக்குக்குத் திறந்த கதவு, தொழிலாளிக்கு மூடிய கதவு

ஐரோப்பியப் பொதுச் சந்தையோடு துருக்கி அங்காரா ஒப்பந்தம் செய்துகொண்டது 1963 செப்டம்பர் 12-ம் தேதி. பிற்காலத்தில் துருக்கியை முழு அங்கத்தினராகச் சேர்ப்பது பற்றி ஆலோசிக்கலாம் என்று அந்த ஒப்பந்தமே கூறிற்று. 1987 ஏப்ரலில் துருக்கி முறைப்படி மனுப் போட்டது. பொதுச் சந்தை இன்று 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய யூனியனாக வளர்ந்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் துருக்கி வாசலிலேயே நிற்கிறது.

ஆலைத் தோழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. பதிலித் தொழிலாளி தினமும் கேட்டில் வந்து நிற்கிறான். ஆள் குறைந்தால் கூப்பிடுகிறார்கள். நிரந்தரம் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். ஒரு தேசத்தையே அப்படிப் பதிலியாக வைத்திருக்க முடியும் என்பதற்குத் துருக்கியே சாட்சி.

ஆனால் துருக்கியில் எல்லாமே வெளியே நிற்கவில்லை. உள்ளே போனது எது, வெளியே நிறுத்தப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இந்த விவகாரம் யாருடைய நலனுக்காக நடக்கிறது என்பது விளங்கும்.

முதலில் கூப்பிடப்பட்டவன் தொழிலாளிதான். 1961 அக்டோபர் 30-ம் தேதி மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் செய்தது. இஸ்தான்புல்லில் ஜெர்மன் அலுவலகம் திறந்து, வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். மாட்டுச் சந்தையில் பார்ப்பது போலப் பல்லைக்கூடப் பார்த்தார்கள். 1973-க்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் சுரங்கங்களுக்கும் கார்த் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் "விருந்தாளித் தொழிலாளி". விருந்தாளி என்றால் ஒருநாள் திரும்பிப் போக வேண்டியவன் என்பது அதன் உள்ளர்த்தம். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடி வந்ததும், ஆள் எடுப்பதை ஜெர்மன் சர்க்கார் நிறுத்திவிட்டது.

இதற்கிடையில் ஒரு வாக்குறுதி காகிதத்தில் ஏறியிருந்தது. 1970-ல் கையெழுத்தான துணை உடன்படிக்கையின் 36-வது ஷரத்து, தொழிலாளர் தடையின்றிப் போய்வரும் உரிமை 1976-க்கும் 1986-க்கும் இடையில் படிப்படியாக நிறைவேறும் என்றது. கடைசிக் கெடு 1986 நவம்பர் 30. அந்த நாள் வந்தது, போயிற்று. உரிமை வரவில்லை. மறு ஆண்டு இந்த ஷரத்து ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் வந்தது. அது வெறும் திட்டம்தான், அதைக் காட்டித் தனி மனிதர் உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரக்குக்கு இப்படி நேர்ந்ததா? இல்லை. 1996 ஜனவரியிலிருந்து சுங்கக் கூட்டு நடைமுறைக்கு வந்துவிட்டது. துணி, கார், உதிரி பாகம் முதலிய தொழிற்சரக்குகள் இருபுறமும் வரியின்றிப் போகின்றன. இதனால் துருக்கியின் ஆலைகளுக்கு வேலை பெருகியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனையைப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று யூனியன் தீர்மானிக்கிறதோ, அதையே துருக்கியும் விதிக்க வேண்டும். தீர்மானிக்கும் இடத்தில் துருக்கிக்கு ஓட்டு கிடையாது. விவசாயியின் விளைபொருளோ இந்தக் கூட்டில் சேரவே இல்லை. துணி மூட்டை ஏற்றிய லாரி எல்லைக்கு வருகிறது. மூட்டைக்கு விசா வேண்டாம். லாரி ஓட்டும் துருக்கித் தொழிலாளிக்கு விசா வேண்டும்!

1999-ல் துருக்கிக்கு வேட்பாளர் நாடு என்ற பட்டம் கிடைத்தது. 2005 அக்டோபர் 3-ல் பேச்சுவார்த்தை தொடங்கியது. பேச வேண்டிய அத்தியாயங்கள் 35. இதுவரை திறக்கப்பட்டவை 16. பேசி முடிக்கப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் விஞ்ஞான ஆராய்ச்சி பற்றியது. வடக்கு சைப்ரஸில் 1974 முதல் துருக்கி ராணுவம் இருக்கிறது. சைப்ரஸ் கப்பல்களுக்குத் துருக்கி தன் துறைமுகங்களைத் திறக்கவில்லை. அதைக் காரணமாகக் கூறி 2006-ல் எட்டு அத்தியாயங்களை நிறுத்தி வைத்தார்கள். 2018 ஜூனில் பேச்சுவார்த்தை நின்றுபோய்விட்டதாக யூனியனே அறிவித்தது.

பேச்சுவார்த்தைக்காக 2005-ல் வகுத்த விதிகளில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. துருக்கி அங்கத்தினரான பிறகும், ஆட்கள் போய்வருவதிலும் விவசாயத்திலும் நிரந்தரக் கட்டுப்பாடுகள் வைப்பது பற்றி யோசிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது, பதிலி நிரந்தரமான பின்னும் அவனுக்குப் பதிலிக் கூலிதான்!

ஜனநாயகம் இல்லாத நாட்டை எப்படிச் சேர்ப்பது என்று யூனியனின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். துருக்கியின் ஆளும் வர்க்கத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 1980 செப்டம்பர் 12-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, டிஸ்க் என்ற தொழிற்சங்க சம்மேளனத்தை முடக்கி, அதன் தலைவர்களைச் சிறையில் தள்ளியது. பத்தாண்டுக்கு மேல் அச்சங்கம் இயங்க முடியவில்லை. 2015 ஜனவரியில் உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிய மறுநாளே, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி சர்க்கார் அதை "ஒத்திவைத்தது". அங்கே ஒத்திவைப்பு என்றால் தடை என்றே பொருள்.

சரி, தொழிலாளர் உரிமை பற்றிய அத்தியாயம் எது? 19-வது அத்தியாயம். முழுத் தொழிற்சங்க உரிமை கொடுத்தால்தான் அதைத் திறக்கலாம் என்பது நிபந்தனை. துருக்கி சர்க்கார் அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. அத்தியாயம் இன்றுவரை திறக்கப்படவில்லை. ஆனால் அதற்காகச் சரக்குப் போக்குவரத்து ஒரு நாளாவது நின்றதா? சங்க உரிமை இல்லாத ஆலையில் நெய்த துணி வரியின்றிப் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

பேச்சுவார்த்தையால் ஒரு நன்மையும் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. யூனியனில் சேரும் ஆவலில்தான் துருக்கி 2002-ல் யுத்தகாலம் தவிர மற்ற காலத்தில் மரண தண்டனையை ஒழித்தது. 2004-ல் அடியோடு ஒழித்தது. குர்து மொழி ஒலிபரப்புக்கும் வழி பிறந்தது. இவற்றை அங்குள்ள ஜனநாயகவாதிகள் வரவேற்றது சரியே. ஆனால் பேரம் தளர்ந்ததும் சீர்திருத்தமும் தளர்ந்தது. 2016 ஜூலையில் ராணுவச் சதி முறியடிக்கப்பட்ட பின், அவசர நிலையின் பேரில் லட்சத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

அதே 2016 மார்ச்சில் யூனியன் துருக்கியோடு வேறொரு பேரம் பேசியது. சிரியா யுத்தத்திலிருந்து தப்பி வரும் அகதிகளைத் துருக்கியிலேயே தடுத்து வைக்க வேண்டும். அகதிகள் செலவுக்கு 600 கோடி யூரோ வரை தரப்படும். 72 நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் துருக்கியருக்கு ஜூன் முடிவுக்குள் விசா நீக்கப்படும். அந்த ஜூன் போய் எத்தனையோ ஜூன் வந்துவிட்டது. விசா நீங்கவில்லை. வாசலில் நிற்பவனையே வாசல் காவலனாக்கிவிட்டார்கள்.

துருக்கி சேர வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்நாட்டு மக்கள் தீர்மானிக்கட்டும். நமது கருத்து இதுதான்: எந்த நாட்டுக் கூட்டானாலும், சரக்குக்குக் கொடுக்கும் உரிமையை உழைப்பாளிக்கும் கொடுக்க வேண்டும். தொழிற்சங்க உரிமை முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும்.

இதை மேலேயிருந்து யாரும் தரமாட்டார்கள். 1973 ஆகஸ்டில் கொலோன் நகர ஃபோர்டு தொழிற்சாலையில், விடுமுறை முடிந்து தாமதமாக வந்த துருக்கியர் சுமார் 300 பேரை வேலை நீக்கம் செய்தார்கள். துருக்கித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெர்மன் தொழிலாளரில் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றார்கள். ஒரே வாரத்தில் போராட்டம் முறியடிக்கப்பட்டது. ஒதுங்கி நின்றவர்களுக்குத் துரிதமான இயந்திர வரிசை குறைந்துவிட்டதா? இல்லை. நிரந்தரத் தொழிலாளியும் பதிலியும் தனித்தனியே நிற்கும்வரை, கேட்டின் சாவி முதலாளி கையில்தான் இருக்கும்.