மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆரப்பாளையம்

கட்டியை எடுத்தாச்சு. வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை. சில நாளில் வீட்டுக்கும் வந்தாச்சு. அப்புறம் என்ன? சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த பலருடைய வீட்டில் கணக்கை இப்படித்தான் முடிக்கிறார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை இதைவிடத் தப்பான கணக்கு வேறு கிடையாது. ஆபரேஷன் வெறும் முதல் பக்கம்தான். லெட்ஜரே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. 2022-ல் மட்டும் உலகம் முழுக்க ஆறு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம். முதல் காரணம் புகை. சிகரெட்டோ பீடியோ, இரண்டும் ஒன்றுதான். நுரையீரலுக்குப் போகிற புகைக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? புகையில் உள்ள விஷம் ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது, வடிகட்டிய விஷம் சிறுநீரோடு சேர்ந்து பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அவ்வளவுதான் சம்பந்தம்.

இன்னொரு காரணம் சாயம். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-லேயே எடுத்துச் சொன்னார். பென்சிடின் வகைச் சாயங்களுக்கு இந்தியாவில் தடை வந்தது 1990களில். கிட்டத்தட்ட நூறு வருஷம்! சுங்குடிக்குப் பேர்போன மதுரையில், அந்தக் காலத்தில் சாயத்தில் கை நனைத்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாவது இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி என்ன தெரியுமா? வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம். ஒரு நாள் வரும், அப்புறம் ஒரு மாதம் வராது. வலி இருந்தாலாவது ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வலிக்காததால் "உடம்புச் சூடு" என்று இளநீர் குடிப்பார்கள், பார்லி காய்ச்சுவார்கள். ரத்தமும் தானாக நின்றுவிடும். இளநீருக்கு நல்ல பெயர், கட்டிக்கு ஆறு மாதம் அவகாசம். பெண்கள் என்றால் இன்னும் மோசம். நீர்க்கடுப்பு, மாதவிலக்குக் கோளாறு என்று மாத்திரை மேல் மாத்திரையாக நாள் போய்க்கொண்டே இருக்கும்.

இருந்தாலும் ஒரு நல்ல செய்தி. கண்டுபிடிக்கும்போது நாலில் மூன்று பேருக்குக் கட்டி பையின் உள்பக்கத் தோலோடு நிற்கிறது, தசைக்குள் இறங்கியிருப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே குழாயை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். கெட்ட செய்தி: அப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திரும்ப முளைக்கும். அதனால்தான் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி சோதனை. அபாயம் அதிகம் உள்ள வகை என்றால் இரண்டு வருஷத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து வருஷம் முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. நடுவில் ஒரு தடவை கட்டி தென்பட்டால் மறுபடி ஆபரேஷன், மறுபடி முதல் மூன்று மாதம். கல்லூரிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எட்டாவது பேப்பரில் கோட்டைவிட்டாலும் முதல் பேப்பரிலிருந்து எழுத வேண்டிய அரியர்.

சோதனையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? சீனாவின் பிரதமர் சௌ என்லாய்க்கு 1972-ல் இந்த நோய் இருப்பது தெரிந்தது. கட்சி மேலிடத்தின் அனுமதி கிடைக்காமல் சோதனையும் சிகிச்சையும் தாமதமாயின என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1976 ஜனவரியில் இறந்தார். ஒரு நாட்டின் பிரதமருக்கே அனுமதி என்ற ஒன்று குறுக்கே நின்றிருக்கிறது. நம் ஊரில் அதே இடத்தில் கூலி நிற்கிறது, பஸ் நிற்கிறது, வெட்கம் நிற்கிறது. "அந்த இடத்தில் குழாய் விடுவாங்களாம்" என்று மனைவியிடம்கூடச் சொல்லக் கூசுகிற ஆண்கள் எத்தனை பேர்!

அடுத்தது பி.சி.ஜி. ஆமாம், குழந்தை பிறந்ததும் கையில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பூசி. இந்த ஊசிக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. கிண்டியில் 1948-லேயே இதற்கென்று ஆய்வகம் வந்தது. 1968-ல் தொடங்கி செங்கல்பட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில், பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து இது காப்பாற்றவில்லை என்று தெரிந்தது. இதற்கிடையில் 1976-ல் கனடாவின் ஆல்வரோ மொராலெஸ் இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் புற்றுநோய் திரும்ப வருவது குறைகிறது என்று எழுதினார். உயிருள்ள கிருமியைப் பார்த்ததும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு கட்டியையும் சேர்த்துத் தாக்குகிறது. வாரம் ஒன்றாக ஆறு வாரம், பிறகு இடைவெளி விட்டு விட்டு மூன்று வருஷம்வரை என்பது இன்றைய முறை.

பிரச்சினை அதன் விதிமுறைகளில்தான். மருந்தை உள்ளே செலுத்திய பிறகு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏனென்றால் வெளியே வருவது உயிருள்ள கிருமி. படிக்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இப்போது கம்பம் பக்கத்தில் ஒரு கிராமத்து விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். தேனி, போடி, கம்பம், திண்டுக்கல் பஸ்ஸெல்லாம் வந்து நிற்பது ஆரப்பாளையத்தில். அங்கே இறங்கி, வைகையைத் தாண்டி, கோரிப்பாளையம் பக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். மருந்து ஏற்றிக்கொள்கிறார். ஊர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எரிச்சல், அடிக்கடி முட்டுகிற சிறுநீர், சில சமயம் காய்ச்சல். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையில் வரிசை நிற்கும்போது பிளீச்சிங் ஊற்றிக் கால் மணி நேரம் யார் விடுவார்கள்? மேல்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதிய விதி நம் பஸ் ஸ்டாண்டில் வந்து திருதிருவென்று முழிக்கிறது.

மதுரை - போடி பாதை அகலமாக்கப்பட்டு 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் ரயில் திரும்ப வந்தது. புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு மட்டுமல்லாமல் அதன் பிறகான சோதனைக்குப் போகவும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் கம்பத்துக்கும் கூடலூருக்கும் ரயிலே கிடையாது.

வணிகவியலில் முதல் வருஷமே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. மூலதனச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. மெஷின் வாங்குவது ஒரே முறை. அதை ஓட்டுவது தினமும். ஆபரேஷன் என்ற பெரிய தொகைக்குக் காப்பீடு இருக்கிறது. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் இரண்டு பேருக்கு பஸ் காசு, ஒரு நாள் கூலி, கூட வருகிற மகனுடைய ஒரு நாள் சம்பளம், சாப்பாடு என்ற சில்லறைச் செலவு எந்தக் காப்பீட்டு அட்டையிலும் ஏறாது. இரண்டு வருஷத்தில் எட்டு சோதனை, அதோடு பி.சி.ஜி. நாட்கள். இந்தச் சில்லறைதான் ஆளைச் சோதனைக்கு வராமல் நிறுத்துகிறது. மெஷினுக்குக் கடன் கொடுத்துவிட்டு எண்ணெய்க்குக் காசு கொடுக்காத கதை.

"உயிர் வேண்டுமென்றால் அவனவன்தான் வரவேண்டும், எல்லாவற்றுக்கும் அரசாங்கமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சோதனைக்கு வராத ஆளுக்குக் கட்டி தசைக்குள் இறங்கினால் அடுத்த கட்டம் பையையே எடுத்து, வயிற்றில் துளை போட்டு வெளியே சிறுநீர்ப் பை மாட்டுவது. அந்தப் பெரிய ஆபரேஷனுக்கும் காப்பீட்டுப் பணம்தானே போகிறது? பஸ் காசில் மிச்சம் பிடித்து ஆபரேஷனில் இழப்பது எந்த ஊர் சிக்கனம்?

செய்யவேண்டியதும் பெரிய காரியமில்லை. தேதி நெருங்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன். வராதவர்களைத் தேடி இன்னொரு போன். மருந்து ஏற்றிய நாளில் மாலைவரை தங்க நாலு கட்டிலும் தனிக் கழிப்பறையும். வெளியூர் பஸ்ஸில் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் சோதனை நாளுக்கு ஒரு பாஸ். கூடவே, பீடியை விடச் சொல்லித்தர ஓர் ஆள். ஏனென்றால் கட்டியை எடுத்த பிறகும் புகைப்பவருக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

மராத்தி சினிமா இயக்குநர் மகேஷ் மஞ்ச்ரேக்கர் 2021-ல் இந்த நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லி, மறுபடி வேலைக்கும் வந்தார். இந்த நோயோடு வாழ முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. தேதி தவறாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது சில வருஷத்துக்கு முன்னால் "மூத்திரப்பையில் சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்று சொல்லியிருந்தால், அடுத்த சோதனை எப்போது என்று இன்றைக்கே கேளுங்கள். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று பதில் வந்தால், கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.