எலெக்ஷனா, செலெக்ஷனா?

இங்கிலீஷில் எலெக்ஷன் என்று ஒரு சொல். செலெக்ஷன் என்று மற்றொரு சொல். ஓரெழுத்துதான் வித்தியாசம். தமிழில் இரண்டையும் 'தேர்ந்தெடுத்தல்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கருத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்! வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளி செய்வது செலெக்ஷன். அதிகாரம் அவன் கையில். மக்கள் ஓட்டுப் போட்டுத் தம் பிரதிநிதியை அனுப்புவது எலெக்ஷன். அதிகாரம் மக்கள் கையில்.

பழம்பெருமை பேசுவோர் இந்த வித்தியாசத்தை மறந்து நமது உத்திரமேரூரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பார்லிமெண்ட் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் இவ்வூர்க் கல்வெட்டைப் புகழ்ந்தார். புகழட்டும், நமக்கும் பெருமைதான். ஆனால் கல்வெட்டு என்ன சொல்கிறது?

வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதல் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய விதிகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர்.

யார் பெயர் குடத்துக்குள் போகலாம்? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அரைக்கால் வேலிக்காரனுக்கும் இடமுண்டு. ஆனால் அவன் வேதத்தோடு பாஷ்யமும் கற்றவனாக இருக்க வேண்டும்!

அது பிராமணர்களின் சபை. அந்த ஏரி நீரில் உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. நாற்று நட்ட பெண்ணின் பெயரும் போகவில்லை. முதலில் வடிகட்டியது செலெக்ஷன். பிறகு நடந்தது சீட்டுக் குலுக்கல். ஓட்டு எங்கே?

நல்லதை மறுக்க மாட்டோம். கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்றது அந்த விதி. பதவியில் இருந்தவன் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும் என்றது. இதற்கு நாம் தலைவணங்குகிறோம். இன்றைய பஞ்சாயத்துக்களிலும் இந்தக் கண்டிப்பு வேண்டும் என்கிறோம்.

ஆனால் கூலிக்காரனுக்கும் மிராசுதாருக்கும் சமமாக ஒரு ஓட்டு என்பது 1951-52 பொதுத் தேர்தலில்தான் வந்தது. அதற்கு முன் 1935-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் சொத்து, வரி, படிப்பு என்று வேலி இருந்தது. வந்த உரிமையையும் ஆதிக்க சாதியினர் எளிதில் விடவில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996 முதல் 2006 வரை முறையாகத் தேர்தல் நடக்கவிடவில்லை. மேலவளவில் மக்கள் ஓட்டால் தலைவரான முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்.

'ஊர் கூடி ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம், தேர்தல் எதற்கு?' என்று பெரிய மனிதர்கள் சொல்லும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த ஊரில் சேரியும் சேர்த்தியா? பெண்களும் சேர்த்தியா? இல்லையென்றால் அது செலெக்ஷன்.

குடவோலையைப் போற்றுவோம். ஓட்டுச் சீட்டைக் காப்போம்!