தொகையும் தேதியும் இல்லாத பதில்கள்

சட்டப்பேரவையில் தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி தொகுதி பார்க்காத நாற்காலி இல்லை. 2011 முதல் 2016 வரை தொகுதியின் உறுப்பினர் பி.பழனியப்பன் உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்தார். கேள்வி கேட்கும் வரிசையில் அல்ல, பதில் சொல்லும் வரிசையில். 2016இல் மறுபடியும் வென்றவர், அமைச்சரவையில் இடம் பெறவில்லை. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப.தனபால் தகுதி நீக்கம் செய்த 18 அதிமுக உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அதன்பின் 20 மாதம் நாற்காலியே காலி. 2019 இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி உறுப்பினராக நுழைந்த ஆ.கோவிந்தசாமி, 2021இல் மறுபடி வென்றும் ஆட்சி மாறியதால் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். அமைச்சரின் தொகுதி, ஆளில்லாத தொகுதி, ஆளுங்கட்சித் தொகுதி, எதிர்க்கட்சித் தொகுதி என்று பத்தாண்டுக்குள் நான்கு வேடமும் போட்டாயிற்று. நாற்காலி மாறியதே தவிர, கோட்டையிலிருந்து வரும் பதிலின் வாசகம் மாறவில்லை.

அந்த வாசகம் ஊருக்கே மனப்பாடம். “ஆவன செய்யப்படும்.” “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.” “அப்படியொரு கருத்துரு அரசின் பரிசீலனையில் இல்லை.” ஆட்சிக்கு வருமுன் இந்தச் சொற்களைக் கிண்டல் செய்தவர்கள், வந்தபின் அதே சொற்களை அதே மேசையிலிருந்து வாசிக்கிறார்கள். இதில் திமுக, அதிமுக என்ற பேதம் கிடையாது.

ஒரு கேள்வி எப்படிப் பதிலாகிறது என்று பார்ப்போம். ஏற்காட்டு மலையடிவாரத்தில், முள்ளிக்காட்டில் இருக்கிறது வாணியாறு அணை. 65 அடிக்குச் சற்றே கூடுதலான உயரம். அதன் கால்வாயைச் சீரமைக்க அரசு முன்வருமா என்று உறுப்பினர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வி நீர்வளத் துறைக்குப் போகும். அங்கிருந்து தலைமைப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், செயற்பொறியாளர் என்று இறங்கி, கடைசியில் களத்தில் இருக்கும் உதவிப் பொறியாளரிடம் வந்து சேரும். இந்த மதகுக்குக் கீழே கரை சரிந்திருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை, சரிசெய்ய இவ்வளவு வேண்டும் என்று அவர் எழுதியிருக்கக்கூடும். அந்தக் குறிப்பு ஒவ்வொரு படியாக மேலே ஏறும்போது மதகின் பெயர் உதிரும், தொகை உதிரும். கோட்டையை எட்டும்போது “பராமரிப்புப் பணிகள் தேவைக்கேற்ப மேற்கொள்ளப்பட்டு வருகின்றன” என்ற ஒற்றை வரி மிஞ்சும். அமைச்சர் அதை வாசிப்பார். உறுப்பினர் துணைக் கேள்விக்கு எழுந்தால், அதிகாரிகள் மாடத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். அதிலும் தொகை இருக்காது.

பொய் சொன்னார் என்று அமைச்சரை யாரும் பிடிக்க முடியாது. பிடிபடுவதற்கு அந்தப் பதிலில் எதுவும் இல்லை என்பதே நமது குறை.

பணம் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் மூன்று எண்கள் வேண்டும்: எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, இன்றுவரை எவ்வளவு செலவானது. நம் பேரவையில் பெரும்பாலும் முதல் எண் மட்டுமே கேட்கும். ஒதுக்கீடு என்பது கைதட்டலுக்கான எண். செலவு என்பது கணக்குக்கான எண். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு சுமார் 4.39 லட்சம் கோடி ரூபாய். அதை ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று துறைகள் என்று பேரவை நிறைவேற்றுகிறது. காலையில் கொள்கை விளக்கக் குறிப்பு கைக்கு வரும், மாலைக்குள் மானியம் நிறைவேறிவிடும். வெட்டுத் தீர்மானங்கள் சடங்குக்குப் படிக்கப்பட்டுச் சடங்குக்குத் தோற்கும். அமைச்சரின் பதிலுரையில் புதிய அறிவிப்புகள் வரும். போன ஆண்டு அறிவித்தவை என்ன ஆயின என்பது வராது. இடையில் நகைச்சுவையும் உண்டு. துரைமுருகன் எழுந்தால் எதிர்வரிசையும் சேர்ந்து சிரித்ததுண்டு. சிரிப்பதில் தவறில்லை. ஆனால் சிரித்து முடித்தபின் மூன்று எண்களும் அவைக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும்.

கேள்விக்கு உள்ளான துறையே தன்னைப் பற்றிய பதிலை எழுதித் தரும்போது என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் இங்குள்ள வாச்சாத்தி கிராமத்துக்குள் புகுந்தார்கள். அங்கே நடந்த வன்கொடுமையை அன்றைய அரசு மறுத்தது. துறைகளின் அறிக்கையே அரசின் பதிலாயிற்று. மார்க்சிஸ்ட் கட்சியின் அ.நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது. பிறகு சிபிஐ வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. துறை எழுதித் தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி இல்லை.

துணைக் கேள்வியை அமைச்சர்கள் உண்மையாகவே அஞ்சிய காலமும் இருந்தது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்திராவின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிய விவகாரம் மக்களவையில் ஒரு கேள்வியாகத்தான் தொடங்கியது. மழுப்பலான பதிலோடு முடிந்திருக்க வேண்டியது. பெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், அதுவும் பிரதமர் நேருவின் மருமகன். எந்தப் பங்கு, என்ன விலை, யார் சொல்லி வாங்கியது என்று எண் எண்ணாக எடுத்து வைத்தார். சாக்ளா ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் சென்னைக்காரர்தான். இன்று ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் அரசின் நிதியமைச்சரை அப்படிக் கேட்பார் என்று கற்பனை செய்வதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

டெல்லியும் இன்று முன்மாதிரி அல்ல. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப்பூர்வ பதில் மட்டும் கிடைத்தது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பி வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் தந்த பதில், அத்தகைய தரவு இல்லை என்பது. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசின் மானியக் கோரிக்கைகள் முழுவதும் ஒரு வார்த்தை விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறின. நம் மாவட்டத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். மொரப்பூர்-தருமபுரி ரயில் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 36 கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஓடிய சிறு ரயில், இரண்டாம் உலகப் போரின்போது நின்றுபோனது. புதிய பாதை எப்போது என்று கேட்டால் ரயில்வே நிலத்தைக் காட்டுகிறது. நிலம் மாநில அரசின் வேலை. இரண்டு அவைகளில் இரண்டு அமைச்சர்கள் தனித்தனியே பதில் சொல்லிக்கொண்டே போகலாம். இரண்டு பதிலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

மீண்டும் அந்தக் காலி நாற்காலிக்கு வருவோம். தகுதி நீக்க வழக்கில் 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் தந்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபரில் நீக்கத்தை உறுதி செய்தார். 2019 ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு, மே 23 அன்று முடிவு. வழக்கின் நியாயம் இங்கே நம் பேச்சல்ல. அந்த இடைவெளியில் 2018-19, 2019-20 என்று இரண்டு பட்ஜெட்டுகள் வந்துபோயின. வாணியாற்றுப் பாசனத்துக்கு என்ன, கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிய விவசாயிக்கு என்ன என்று கேட்க ஒருவர் இல்லை. பக்கத்துத் தொகுதியான அரூரும் அதே பட்டியலில் காலி. உறுப்பினர் இல்லாத தொகுதியின் கேள்விகளை யார் வழியாக அவைக்குக் கொண்டுபோவது என்பதற்கு அன்றைக்கும் வழியில்லை, இன்றைக்கும் இல்லை. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வழக்கு என்று ஒன்று வந்தால் அந்த ஆறு மாதத்துக்குக் கணக்கில்லை.

இப்போது இன்னொரு பக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி பொம்மிடிக்காரர் ஒருவர் மனுப் போட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அலுவலர் தன் கைக்காசிலிருந்து கட்ட நேரலாம். இந்தியாவிலேயே முதலில், 1997இல், தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடுதான். அப்படியிருக்க, லட்சக்கணக்கான வாக்காளர்களின் சார்பில் எழுந்து நிற்கும் உறுப்பினருக்குத் தரப்படும் வாக்குறுதி தவறினால் அப்படியொரு அபராதம் எவருக்கும் இல்லை. எம்.எல்.ஏ.வைவிட மனுதாரருக்குச் சட்டம் கூடுதலாகக் கைகொடுக்கிறது என்றால் கோளாறு எங்கே என்று கோட்டைதான் சொல்ல வேண்டும்.

2022 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாள் தீராத பத்துக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரச் சொன்னார். கட்சி பாராமல் கேட்டது பாராட்டத்தக்கது. ஆனால் கேள்வி நேரமும் மானிய விவாதமும் ஒழுங்காக நடக்கும் ஒரு பேரவைக்கு இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. ஆண்டுக்கு 100 நாள் பேரவை நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னதில் பாதியைக்கூட எந்த ஆண்டும் தொடவில்லை. கேள்வி நேரத்தை 2022 ஜனவரி முதல் நேரலையில் காட்டியது நல்ல மாற்றம். அதற்கு முன் பல ஆண்டு, விதி 110இன் கீழ் விவாதமே இல்லாமல் அறிவிப்புகளை அடுக்கிய அதிமுகவுக்கு இதில் குறை சொல்லும் தகுதி குறைவு.

உறுப்பினர்கள் மீதும் குறை உண்டு. துணைக் கேள்விக்குக் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் முக்கால் நிமிடம் தலைவரை வாழ்த்தக் கழிகிறது. மிச்சத்தில் கேட்பது பயணியர் நிழற்குடை. கேட்கக் கூடாததல்ல, ஆனால் தணிக்கை அறிக்கையைப் புரட்டிப் பார்த்துக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த அறிக்கையும் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் மேசைக்கு வருகிறது. அவரவர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யார் புரட்டுவது?

ஒவ்வொரு கேள்விக்கும் செலவுக் கணக்கு திரட்டுவது அதிகாரிகளுக்குப் பெரும் சுமை என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இன்று மாநிலத்தின் கருவூலப் பட்டியல்கள் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் கணினி வழியாகப் போகின்றன. விடுவித்த தொகையும் செலவான தொகையும் அங்கேயே இருக்கின்றன. எடுத்துப் பதிலில் சேர்க்க மனம்தான் வேண்டும். ஆகவே, நிதி சம்பந்தப்பட்ட பதிலில் மூன்று எண்களும் அரசாணை எண்ணும் இல்லையென்றால் அதைப் பதிலாக ஏற்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரத்தைப் பேரவைத் தலைவர் எடுத்துக்கொள்ள வேண்டும். விதி இடம் தராவிட்டால் விதியைத் திருத்த வேண்டும். “பரிசீலனையில் உள்ளது” என்று சொல்லும் அமைச்சர், எந்தத் தேதிக்குள் முடிவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரமின்மையால் எடுக்கப்படாத கேள்விகளுக்கான பதில்கள் அன்றன்றைக்கே பேரவையின் இணையதளத்தில் தொகுதிவாரியாக ஏற வேண்டும். உறுப்பினர் இல்லாத தொகுதிக்கு, அந்த மாவட்டத்தின் வேறொரு உறுப்பினர் வழியாகக் கேள்வி கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

அமைச்சர்கள் அவையில் தந்த வாக்குறுதிகளைத் துரத்துவதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாக வந்து ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வும் நடத்துகிறது. மறுநாள் நாளிதழில் குழுவின் புகைப்படம் வரும். எந்த உறுதிமொழி, எந்த ஆண்டில் கொடுத்தது, ஏன் நிலுவையில் நிற்கிறது என்ற பட்டியல் ஊர்க்காரர் கண்ணில் படுவதில்லை. அடுத்த முறை குழு தருமபுரிக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே, பாப்பிரெட்டிப்பட்டி தொகுதிக்கான பட்டியலைத் தாலுகா அலுவலக அறிவிப்புப் பலகையிலும் கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி பேரூராட்சி அலுவலகங்களிலும் ஒட்டட்டும். ஆய்வு நடக்கும் நாளில் அந்தப் பட்டியலோடு வருகிற ஊர்க்காரர்களையும் கூட்ட அறைக்குள் உட்கார வைக்கட்டும்.