ராடுக்கு மூவாயிரம், முள்ளுக்கு மூணு ரூபாயா?

மீனுக்கு ராடு தெரியாது. ரீல் எந்தக் கம்பெனி, எத்தனை பேரிங் என்பதும் தெரியாது. அதன் கண்ணுக்கும் வாய்க்கும் எட்டுவதெல்லாம் நரம்பின் கடைசி ஒன்றிரண்டு அடிதான். முள், ஸ்விவல், ஈயம், லீடர், அவற்றைச் சேர்க்கும் முடிச்சு. ஆனால் புதிதாக ஸ்பின்னிங் ராடு வாங்குகிறவர் காசை எங்கே கொட்டுகிறார்? மேல் பக்கம். ராடுக்கு மூவாயிரம் தயங்காமல் போகும். முள் என்று வந்தால் மட்டும் "பாக்கெட்டுல நூறு இருக்கிறதே குடுங்கண்ணே" என்று பேரம்.

கணக்குப்பதிவியலில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு உண்டு. ராடு முதலினம், முள் வருவாயினம். முதலினத்தில் தாராளமும் வருவாயினத்தில் கஞ்சத்தனமும் காட்டினால் மில் என்ன ஆகும் என்று திருப்பூர் ஜில்லாவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நல்ல மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு மட்டமான ஊசி மாட்டினால் துணி முழுக்க ஓட்டைதான்.

மில் என்றதும் ஒரு விஷயம். இந்த ஸ்பின்னிங் ரீலுக்கும் நூலுக்கும் உறவு உண்டு. 1905ல் இதற்குக் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளித் தொழில் செய்தவர். கோனிலிருந்து நூல் எப்படி வருகிறது? கோன் அசையாமல் நிற்கும், நூல் அதன் தலை வழியாகச் சுருள் சுருளாகக் கழன்று வரும். ரீலிலும் அதே கதைதான். வீசும்போது ஸ்பூல் சுற்றாது, நரம்பு மட்டும் கழன்று ஓடும். அதனால்தான் அஞ்சு கிராம் லூரைக்கூட அவ்வளவு தூரம் வீச முடிகிறது.

அதே வசதியில்தான் தொல்லையும் இருக்கிறது. தலை வழியாகக் கழலும் நூலில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். திரும்பச் சுற்றும்போது அது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நுனியில் சுழல்கிற ஸ்பின்னர் இருந்தால் அது தன் பங்குக்கு முறுக்கை ஏற்றிக்கொண்டே வரும். கொஞ்ச நேரத்தில் நரம்பு தானே பின்னிக்கொண்டு காக்கைக்கூடு மாதிரி நிற்கும். இதைத் தடுக்கத்தான் ஸ்விவல். ஸ்பின்னரும் ஸ்பூனும் போடுகிறவர் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மட்டமான ஸ்விவல் இழுவையில் சுற்றாது, சும்மா கனம்தான். சின்னதாக, கறுப்பாக, நன்றாகச் சுற்றுவதாக இருந்தால் போதும்.

அதற்காக எல்லாவற்றிலும் ஸ்விவல் மாட்டுவதும் தப்பு. விராலுக்குப் போடுகிற ரப்பர் தவளை சுழல்வதில்லை. அதன் மூக்கில் ஸ்விவலைத் தொங்கவிட்டால் தலை குப்புறக் கவிழ்ந்துதான் வரும். அதற்கு நேரடி முடிச்சுதான் சரி. நெளிந்து நீந்துகிற லூருக்கு ஸ்விவல் இல்லாத வெறும் ஸ்நாப் போதும்.

முள் நம்பரில் தடுமாறாத புதுசு கிடையாது. அதற்கும் நூல் கவுண்ட்டை நினைத்துக்கொள்ளலாம். 20ஆம் நம்பர் நூலைவிட 40ஆம் நம்பர் மெல்லிசு இல்லையா? முள்ளும் அப்படித்தான், 8ஐவிட 10 சின்னது. ஆனால் 1க்கு அப்புறம் கணக்கு தலைகீழ். 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏறப் பெரிசு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் நம்பரை நம்புவதைவிட மீனின் வாயை நினைத்து வாங்குவது நல்லது. ஜிலேபிக்கு வாய் சின்னது, 8 அல்லது 10, மெல்லிய கம்பி. விராலுக்குக் கடினமான வாய், தடித்த கம்பி. ஆனால் தடித்த முள்ளை இறக்க ராடிலும் வலு வேண்டும். தொளதொள ராடும் தடி முள்ளும் சேர்ந்தால் கடி மட்டும்தான் கிடைக்கும், மீன் கிடைக்காது.

கூர்மை பார்க்கக் கருவி வேண்டாம். முள் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்தால் போதும். வழுக்கினால் மொக்கை, பிடித்துக்கொண்டால் கூர். மலிவு லூர் வாங்கினால் அதோடு வரும் மூன்று முனைக் கொக்கியையும், அதை மாட்டியிருக்கும் வளையத்தையும் முதலில் கழற்றிவிட்டு நல்லதாக மாற்றுவது உத்தமம். பெரும்பாலும் வாயைப் பிளப்பது அந்த வளையம்தான்.

இனி யாரும் பேசாத விஷயத்துக்கு வருவோம். அறுந்தால் எங்கே அறுக வேண்டும்?

அமராவதியில் கல்லாபுரம் தொடங்கி கணியூர், கடத்தூர், காரத்தொழுவு வரைக்கும் எட்டு ராஜவாய்க்கால்கள் உண்டு. அணைக்கட்டுகளை ஒட்டிய கல் இடுக்கிலும் கரையோர வேரிலும் லூர் மாட்டாமல் போகாது. மாட்டினால் இழுத்து அறுக்க வேண்டியதுதான். மெயின் நரம்பும் நுனியும் ஒரே வலுவில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் அறுகும், சில சமயம் ரீல் பக்கத்திலேயே. முப்பது நாற்பது மீட்டர் நரம்பு ஆற்றில் கிடக்கும். அது மக்காது. ஆமை, நீர்க்காகம், நாரை எது மாட்டினாலும் கழற்றிவிட ஆள் கிடையாது. ஓடுகிற மீனோடு அறுந்தால் அந்த மீன் வாயில் முள்ளோடு நரம்பையும் இழுத்துக்கொண்டு போய் ஏதாவது வேரில் சிக்கிச் சாகும்.

இதற்கு வழி ரொம்ப சுலபம். மெயின் லைன் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ தாங்குவது என்றால் லீடர் 12 பவுண்டு. அப்போது பெரும்பாலும் முள் பக்கத்து முடிச்சில்தான் அறுகும். ஆற்றில் தங்குவது ஒரு லூரும் ஓரடி நரம்பும். விராலுக்குச் செடிக்குள் வலுவான லீடர் வேண்டும் என்றால் மெயின் லைனை அதற்கும் மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்னல் நரம்பு போடுகிறவருக்கு லீடர் இரட்டிப்பு அவசியம். பின்னல் இழுவைக்கு வலு, ஆனால் கல்லில் உரசினால் நூல் நூலாகப் பிரிந்துவிடும். ஃப்ளூரோகார்பன் உரசலைத் தாங்கும், தண்ணீரில் கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது.

முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு அங்கேயே பலவீனமாகும். நல்ல முள், நல்ல நரம்பு எல்லாம் வாங்கி இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய.

ஈயம் பற்றி ஒரு வார்த்தை. குண்டைப் பல்லால் கடித்து நசுக்குகிற பழக்கம் வேண்டாம், ஈயம் விஷம். அன்னப்பறவைகள் அதை விழுங்கிச் சாகிறது என்று பிரிட்டன் 1987லேயே சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டது. டங்ஸ்டன் நல்ல மாற்று, விலைதான் கடிக்கும். குறடு அவ்வளவு விலை இல்லை, கடிக்க அது போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமராவதி அணையில் மட்டுமல்ல, ஆற்றிலும் முதலை உண்டு. கல்லில் மாட்டிய இருநூறு ரூபாய் லூருக்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கை விடுவது சரியான கணக்கே இல்லை. 12 பவுண்டு லீடர் கட்டியிருந்தால் கரையில் நின்றபடியே இழுத்து அறுத்துவிட்டு அடுத்த லூரை மாட்டலாம். ஆற்றில் தண்ணீர் குறைந்து கல் வெளியே தெரிகிற நாளில் ஒரு கத்தரியும் பையும் எடுத்துக்கொண்டு போனால், போன சீசனில் விட்ட லூரில் ஒன்றிரண்டாவது திரும்பக் கிடைக்கும். மற்றவர்கள் விட்டதும் சேர்த்து.