போன் மெமரி எங்கே போகிறது? கணக்கு கேட்போம்!

போன பொங்கல் லீவுக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் உள்ள எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா தன் போனை நீட்டினார். "ஏம்ப்பா, கடைக்காரர் இதுக்கு மெமரி பத்தாது, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாரு. பன்னெண்டாயிரம் ஆகுமாம். நீ என்ன சொல்றே?"

அப்பாவுக்கு சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்ததும் திருப்பூரில் இருக்கும் அக்காவின் பையனோடு வீடியோ காலில் பேசுவார். காலையில் போன் நன்றாகத்தான் இருக்கும். நாலைந்து கால் பேசிய பிறகு தொல்லை ஆரம்பிக்கும். கரண்ட் பில் கட்ட உட்கார்ந்து, ஓடிபி வந்ததா என்று மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பணம் கட்டும் பக்கமே மூடியிருக்கும். 3 ஜிபி ரேம் உள்ள போன். அவர் வைத்திருக்கும் ஆப்களோ பத்துகூட இல்லை. நியாயமாகப் பார்த்தால் இது போதும்.

சாப்ட்வேர் தொழிலில் இருப்பவன் என்பதால், கடைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. போனை ரீஸ்டார்ட் செய்து, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, லேப்டாப்பில் இணைத்தேன். ஆண்ட்ராய்டில் 'டம்ப்சிஸ் மெம்இன்போ' என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு ஆப்பும் எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். அக்காவுக்கு ஒரு கால் போட்டுப் பேசிவிட்டு, முடித்த பிறகு அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். மறுபடி ஒரு கால், மறுபடி கட்டளை. இப்படி ஐந்து தடவை.

ஆப்களின் பட்டியலில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கடைசியில் 'டிஎம்ஏ-பஃப்' என்றிருந்த வரி ஒவ்வொரு காலுக்கும் சுமார் 25 எம்பி ஏறியது. கால் முடிந்தும் இறங்கவில்லை!

டிஎம்ஏ-பஃப் என்றால் என்ன?

வீடியோ கால் பேசும்போது கேமரா ஒரு படத்தைப் பிடிக்கிறது. அதைச் சுருக்கி அனுப்ப வீடியோ சிப் வேண்டும். நம் முகத்தைத் திரையின் மூலையில் காட்ட கிராபிக்ஸ் சிப் வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படத்துக்கு, வீடியோவில் வழக்கமான முறையில், சுமார் 3 எம்பி ஆகிறது. விநாடிக்கு 30 படம். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தால் போன் திணறிவிடும். அதனால் படத்தை மெமரியில் ஒரே இடத்தில் வைத்து, எல்லோரும் அங்கேயே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பொது இடம்தான் பஃபர். லினக்ஸ் கெர்னலில் இதற்குப் பொதுவான ஏற்பாடாக டிஎம்ஏ-பஃப் 2012-ல், 3.3 பதிப்பில் வந்தது. அதைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் சுமித் செம்வால் என்ற பொறியாளர். ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதே லினக்ஸ் கெர்னல்தான்.

எங்கள் தெருவில் விசேஷங்களுக்கென்று பொதுவில் வாங்கிய அண்டாக்கள் உண்டு. ஒரே அண்டாவை நாலு வீடு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். கடைசியாகப் பயன்படுத்தியவர் கழுவித் திருப்பி வைக்க வேண்டும். யாரோ ஒருவர் மறந்துவிட்டால்? அண்டா எந்த வீட்டுக் கணக்கிலும் இருக்காது, அடுத்த விசேஷத்துக்கும் கிடைக்காது.

பஃபரும் அப்படித்தான். எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணி வைத்திருக்கும். கடைசி ஆள் விட்டால்தான் இடம் காலியாகும். ஒரு டிரைவரோ பின்னணி சர்வீஸோ விட மறந்தால், ரீஸ்டார்ட் செய்யும்வரை அந்த இடம் முடங்கிவிடும். எட்டுப் படங்களை விடாமல் வைத்திருந்தால் 24 எம்பி. அப்பாவின் போனில் ஏறிய அளவும் ஏறக்குறைய இதுதான். அதனால் கேமரா பக்கம் ஏதோ ஒன்று விட மறக்கிறது என்பது என் யூகம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

யூகம் என்று ஏன் சொல்கிறேன்? நிரூபிக்க முடியவில்லை. பஃபரைப் பிடித்திருப்பது யார் என்று பார்க்க ரூட் அனுமதி வேண்டும். கடையில் விற்கும் போனில் அது கிடையாது. மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஒரு சர்வீஸ் பஃபரைக் கையில் வைத்திருந்தாலும், தன் முகவரிப் பகுதிக்குள் இணைத்துக்கொள்ளாமல் இருந்தால், அந்த இடம் வழக்கமான மெமரிப் பட்டியலில் அதன் பெயரில் ஏறாது. மெமரி குறையும்போது ஆண்ட்ராய்டு பின்னணியில் இருக்கும் ஆப்களை மூடுகிறது. அப்படி மூடப்பட்டதுதான் அப்பா பணம் கட்டிக்கொண்டிருந்த பக்கம். தப்புச் செய்தது ஒன்று, தண்டனை இன்னொன்றுக்கு. இதே கட்டளையின் முடிவில் 'லாஸ்ட் ரேம்' என்றும் ஒரு வரி வரும். காணாமல் போன ரேம்! எந்தக் கணக்கிலும் சேராத மெமரிக்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் பெயர் இது.

கணக்கு வைத்தால் வேகம் குறையுமா?

கணக்கு வைப்பதற்கும் செலவு உண்டு. இதை மறுக்க முடியாது. 2021-ல் லினக்ஸில் ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு பஃபர் உருவாகும்போதும் அதற்குத் தனியாக ஒரு டைரக்டரியை உருவாக்கி, அளவை அதில் எழுதி வைப்பது. கிராபிக்ஸ் வேலையில் பஃபர்கள் ஓயாமல் உருவாகி அழியும். ஒவ்வொரு தடவையும் டைரக்டரியை உருவாக்கி அழிப்பது வேகத்தைப் பாதித்தது.

2025-ல் வெளியான 6.16 பதிப்பில் வேறு வழி வந்தது. முன்கூட்டியே எதையும் எழுதி வைப்பதில்லை. கேட்கும்போது மட்டும், பிபிஎஃப் என்ற வசதியின் மூலம், பஃபர்களின் பட்டியலை ஒரு சுற்று சுற்றிச் சொல்கிறது. ஆகவே கணக்கு வைத்தால் வேகம் போய்விடும் என்ற சமாதானத்துக்கு இனி அவ்வளவு பலமில்லை.

பெயர் எழுதும் வசதியும் 2019 முதலே இருக்கிறது. நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல, ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு பெயர் கொடுக்கலாம். கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. ஒரே பஃபரை மூன்று பேர் வைத்திருந்தால் யார் கணக்கில் எழுதுவது என்பது நியாயமான கேள்வி. சமமாகப் பிரித்து எழுதலாம். சாதாரண மெமரியைப் பகிரும்போது லினக்ஸ் பல வருடங்களாக அப்படித்தான் கணக்குக் காட்டுகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு 2017-ல் வந்த அப்டேட்டிலிருந்து, டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் சிப் பகிர்ந்துகொள்ளும் மெமரி தனியாகத் தெரிகிறது. டீடெயில்ஸ் பகுதியில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எவ்வளவு என்றுகூடப் பார்க்கலாம். வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்க்க முடிகிற கணக்கை, கையில் இருக்கும் போனில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

நாம் கேட்க வேண்டியவை

போன் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயங்கள். ஒன்று, டிரைவர் எழுதுபவர்கள் ஒவ்வொரு பஃபருக்கும் பெயர் வைக்க வேண்டும். இரண்டு, செட்டிங்ஸில் மெமரி காட்டும் இடத்தில் கேமரா, வீடியோ, திரை ஆகியவை பிடித்திருக்கும் இடத்துக்கு ஒரு வரி வேண்டும். ரூட் இல்லாமலே அது தெரிய வேண்டும். மூன்று, பயன்பாடு முடிந்த பிறகும் அந்த எண் இறங்காவிட்டால், அதைப் பழுதாக ஏற்றுக்கொண்டு அப்டேட்டில் சரிசெய்ய வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். போன் திணறினால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடி, சில மணி நேரத்தில் மறுபடி திணறினால், ரேம் குறைவு என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். வாங்கிய இடத்தைத் திரும்பக் கொடுக்காத சாப்ட்வேர் காரணமாக இருக்கலாம். அதிக ரேம் உள்ள போன் வாங்கினாலும் அந்தப் பழுது போகாது. நிரம்புவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

அப்பா புது போன் வாங்கவில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் போனை ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார். பேரனோடு பேசுவதும் பில் கட்டுவதும் தடையில்லாமல் நடக்கிறது. "ரிப்பேர் பண்ணிட்டியேப்பா!" என்று சந்தோஷப்பட்டார். இல்லை, ரிப்பேர் ஆகவில்லை. அது போன் தயாரித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அவர்கள் செய்யும்வரை அப்பா தினமும் ரீஸ்டார்ட் செய்துகொண்டுதான் இருக்க வேண்டும்.