நல்ல கைகளைத் தேடுவோர்க்கு

சுன்னாகத்திற் சிறியதொரு வாகனத் திருத்தகம் நடத்தும் எமது நண்பர், சென்ற வாரம் பெருங்கவலையோடு எம்மிடம் வந்தார். ஒன்பது ஆண்டுகள் தம்மிடம் பணிபுரிந்த இளைஞன் கொழும்புக் கம்பனி ஒன்றிற்குப் போய்விட்டானாம். "அவர்கள் கொடுக்கும் சம்பளத்துக்கு நான் எங்கே போவேன்?" என்று அங்கலாய்த்தார்.

விசாரித்தபோது வேறொரு செய்தி வெளிவந்தது. அவ்விளைஞனுக்குத் திருமணம் பேசிய வேளை, பெண் வீட்டார் கேட்ட முதற் கேள்வி, "சேமலாப நிதி உண்டா?" என்பதே. உண்டென்று சொல்ல அவனால் இயலவில்லை. தொழில் தெரியும் என்று காட்டுவதற்கும் கையில் ஒரு பத்திரம் இருக்கவில்லை. சம்பளம் மாத்திரமன்று, மதிப்புமே அவனைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றது.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. ஒரேயொரு வேலையாளை வைத்திருப்பவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. சம்பளத்தில் முதலாளி நூற்றுக்கு 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். இது தருமமன்று, உழைப்பவனின் உரிமை.

அனுபவத்தாற் தொழில் கற்றவரைப் பரிசோதித்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் நம் நாட்டில் உண்டு. வகுப்பிற் சென்று படியாதவரும் அதனைப் பெறலாம். "சான்றிதழ் கிடைத்தால் பறந்துவிடுவானே!" என்றார் நண்பர். "சான்றிதழ் இல்லாமலும் பறந்துவிட்டானன்றோ?" என்றோம். அவர் வாய் திறக்கவில்லை.

சம்பளத்திற் பெருங் கம்பனிகளோடு சிறு முதலாளி போட்டியிட முடியாதென்பது உண்மையே. ஆயினும், அவரிடம் வேறொரு செல்வம் உண்டு. பெரிய இடத்தில் ஒருவன் ஆண்டுக்கணக்காக ஒரே வேலையைச் செய்ய நேரிடும். சிறிய திருத்தகத்திலோ, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது முதல் வாடிக்கையாளருக்குக் கணக்குச் சொல்வது வரை யாவற்றையும் பயில்கிறான். நாளை சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் மாணவனுக்கு இதனினும் நல்ல கல்லூரி ஏது? இதனை முதலாளிமார் எடுத்துச் சொல்லவேண்டும், பெற்றாரும் சிந்திக்கவேண்டும்.

நாள் தவறாத சம்பளம், சட்டப்படியான நிதி, கற்ற தொழிலுக்கொரு சான்று, "தம்பி" என்றழைக்கும் கனிவு: இந்நான்கும் உள்ள இடத்தை நல்ல கைகள் தேடி வரும்.

விடைபெற்றுச் சென்ற நண்பர் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தார். "மிச்சமிருக்கிற இரண்டு பொடியன்களின் பெயரையும் நாளைக்கே நிதியிற் பதியப் போகிறேன்" என்றார்.