கோட்டைக்கு முன் ஆற்றைப் பாருங்கள்

கல்விச் சுற்றுலாவில் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மதிற்சுவர், பாதாளச் சிறை, திப்பு சுல்தான் வீழ்ந்த இடம் எல்லாம் பார்த்திருப்பீர்கள். காவிரியைப் பார்த்தீர்களா? "பாலத்தைக் கடக்கும்போது பார்த்தோம்" என்பீர்கள். அது போதாது என்பது என் கருத்து.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஒரு கோடை விடுமுறையில் என் மாணவர்களுடன் வேனில் அங்கு சென்றேன். கோட்டையின் மேற்குக் கரையில் நின்ற ஒரு மாணவன், "சார், முழங்காலளவு தண்ணீர்தானே! இதுவா கோட்டைக்குக் காவல்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல என்று எனக்குப் பட்டது.

ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு தீவு. காவிரி இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு மீண்டும் ஒன்றுசேர்கிறது. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்த ஆறு பெருக்கெடுக்கும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மெதுவாக ஓடும்போது நடந்து கடக்கக்கூடிய அதே ஆழம், வெள்ளத்தில் ஆளை அடித்துச் சென்றுவிடும்.

1791 மே மாதத்தில் காரன்வாலிஸ் தம் படையுடன் இத்தீவின் அருகே வந்தார். மழை பிடித்துக்கொண்டது, உணவும் தீர்ந்தது. பெரிய பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். 1799இல் வந்த ஆங்கிலேயப் படை மழைக்கு முன் முடித்துவிட விரைந்தது. மே 4ஆம் நாள் பிற்பகல், நீர் குறைந்திருந்த ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து, பீரங்கியால் பிளந்த மதிலில் ஏறியது. அன்றே திப்பு போரிட்டு மடிந்தார். அவருடன் மாண்ட வீரர்கள் ஆயிரக்கணக்கானோர்.

இத்தோல்வியைத் 'துரோகம்' என்ற ஒரே சொல்லில் சொல்லி முடிப்பது எளிது. துரோகத்தின் பங்கு எவ்வளவு என்பதை வரலாற்றறிஞர்கள் ஆராயட்டும். ஆனால், தாக்குதல் ஏன் மே மாதத்தில் நடந்தது, ஏன் ஜூலையில் நடக்கவில்லை? இதற்கு விடை கல்வெட்டில் இல்லை, ஆற்றில் இருக்கிறது. காவிரி காவல்தான். ஆனால் அது பருவம் பார்த்துக் காவல் நிற்கும் காவலாளி!

ஓர் எச்சரிக்கை. இன்று நீங்கள் காணும் காவிரி 1799இல் ஓடிய காவிரி அன்று. 1911இல் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை மேலே இருக்கிறது. அணையில் நீர் திறந்தால் மட்டம் திடீரென உயரும். ஆகவே ஆற்றில் இறங்காதீர்கள்.

கரையில் நின்றே ஒரு சோதனை செய்யலாம். கரையோரமாகப் பத்து மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மிதந்து வரும் இலை ஒன்று அத்தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் நீரோட்டத்தின் வேகம் கிடைக்கும். அதைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிக்கொண்டு, அதன் பிறகு கோட்டைக்குள் செல்லுங்கள். மதிற்சுவர் உங்களுக்குப் புதிதாகத் தெரியும்.